ஆறு விநாடிப் பொய்

எழுபதுகளின் ஆரம்பம். அடையாறு தாண்டித் தரமணிப் பக்கம், அப்போதெல்லாம் முள்ளுக்காடும் மாடு மேய்கிற பொட்டலுமாகக் கிடந்த இடத்தில், ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். நிலையத்தின் பெயர் வேண்டாம். வேலை, பூகம்ப ஆராய்ச்சி. சொன்னால் சிரிப்பார்கள். மயிலாப்பூரில் எங்கள் தெருக்காரர் ஒருவர், என்னைப் பார்க்கும்போதெல்லாம், "என்னடா, இன்னிக்குப் பூமி ஆடித்தா?" என்று கேட்காமல் விடமாட்டார். மெட்ராஸில்தான் பூகம்பமே வராதே, உனக்கு எதற்குச் சம்பளம் என்று அதற்கு அர்த்தம்.

எங்கள் வளாகத்தின் கோடியில் ஒரு சின்னக் கட்டடம். அதற்குள் பூமியின் அதிர்வைப் பதிவு செய்யும் கருவி. கருவி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மெதுவாகச் சுற்றுகிற ஓர் உருளை. அதன் மேல் வழவழப்பான ஒரு தாள். மண்ணெண்ணெய் விளக்கின் புகையைக் காட்டி அந்தத் தாள் முழுக்கக் கரி ஏற்றியிருப்போம். ஒரு மெல்லிய ஊசி அந்தக் கரியைக் கீறிக்கொண்டே போகும். பூமி சும்மா இருந்தால் நேர்கோடு. உலகத்தில் எங்காவது பலமாக நடுங்கினால் கோடும் நடுங்கும்.

தினமும் காலை பத்து மணிக்குத் தாளை மாற்ற வேண்டும். பண்டிகை, ஞாயிறு எதுவும் கிடையாது. புதுத் தாளின் மூலையில் தேதி, மாற்றியவரின் இனிஷியல், அப்புறம் கடிகாரப் பிழை எத்தனை விநாடி, இவ்வளவையும் எழுதி, அங்கேயே இருக்கும் பதிவேட்டிலும் ஏற்ற வேண்டும். கருவியோடு இணைந்த கடிகாரம் ஒரு நாள் முந்தும், ஒரு நாள் பிந்தும். அதனால் பக்கத்தில் இருக்கும் ரேடியோவில் நேரம் சொல்லும் நிலையத்தைத் திருப்பி, 'பிப் பிப்' என்று வரும் ஒலியைக் காதால் கேட்டு, நம் கடிகாரம் எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து எழுதுவோம். ஐந்து நிமிஷ வேலைதான். ஆனால் அது தப்பாகப் போனால் அன்றைய தாள் முழுக்கத் தப்பு. எங்கள் தொழிலில் ஒரு விநாடி என்பது பல மைல்.

தாள் மாற்றும் வேலை இரண்டு பேருக்கு. ஒரு நாள் நான். மறுநாள் என்னோடு ஒரே வருஷத்தில் சேர்ந்த ஒரு பெண். தியாகராய நகரில் பாத்திரக்கடை வைத்திருந்த திருநெல்வேலிக் குடும்பத்தைச் சேர்ந்தவர். கரி போகாத விரல்களோடு சாப்பாட்டு நேரத்தில் வந்து உட்கார்ந்து, தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே அன்றைய கோடுகளைப் பற்றிப் பேசுவார். என்னைவிடக் கெட்டிக்காரர். இதை எழுத்தில் ஒப்புக்கொள்ள எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. அன்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

அந்த வருஷம் மார்கழியில் ஒரு சுற்றறிக்கை வந்தது. ஜப்பானில் ஒரு வருஷப் பயிற்சி. பூகம்பத்தையும் அதற்குக் காரணமான பூமியின் பிளவுகளையும் ஆராயும் இளம் ஆராய்ச்சியாளர்களுக்கு. விமான டிக்கெட், தங்குமிடம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. எங்கள் நிலையத்திலிருந்து ஒரே ஒருவர் போகலாம், வயது முப்பதுக்குள் இருக்க வேண்டும். போய் வருகிறவருக்கு வேலை நிரந்தரம் என்று எங்கள் டைரக்டர் வாய்மொழியாகச் சொல்லியிருந்தார். எங்கள் இருவருக்கும் தற்காலிக வேலைதான். எனக்கு வயது இருபத்தேழு. இந்தத் தடவை இல்லையென்றால் இன்னும் இரண்டு தடவை முயற்சி செய்யலாம். அவருக்கு இருபத்தொன்பது முடியப்போகிறது. இதுதான் முதல், இதுவேதான் கடைசி.

இது எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அவருடைய அப்பா சுற்றறிக்கை வந்த மறுவாரமே மூர் மார்க்கெட்டுக்குப் போய் ஒரு கம்பளிச் சட்டை வாங்கி வந்துவிட்டாராம். "இன்னும் அப்ளிகேஷனே போடலை, அதுக்குள்ள ஸ்வெட்டர்" என்று அவர் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் வயிறு எரிந்தது. எங்கள் வீட்டிலும் அம்மா, "நம்மாத்துல யாரும் ப்ளேன் ஏறினதில்லைடா, நீயாவது ஏறணும்" என்று கபாலீஸ்வரருக்கு வேண்டிக்கொண்டிருந்தாள்.

பொங்கல் அன்று என் முறை. ஊரெல்லாம் கரும்பு கடித்துக்கொண்டிருக்க, எனக்கு மந்தைவெளியில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் தலையெழுத்து. எரிச்சலோடுதான் போய்ச் சேர்ந்தேன். வளாகத்தில் ஈ காக்கை இல்லை. எங்கள் பிரிவின் அட்டெண்டர் மட்டும் வந்திருந்தார். சைதாப்பேட்டைக்காரர், ஐம்பது வயதிருக்கும். தாளுக்குக் கரி ஏற்றுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவர் நேரம் பார்க்கும் ரேடியோவில் கிரிக்கெட் வர்ணனையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சேப்பாக்கத்தில் டெஸ்ட் மேட்ச் நடந்துகொண்டிருந்தது.

எனக்கும் கிரிக்கெட் என்றால் உயிர். இருவரும் ரேடியோவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தோம். அன்றைய ஆட்டம் தொடங்குகிற நேரம். பத்து மணி ஆயிற்று. எழுந்து தாளை மாற்றினேன். அடுத்தது ரேடியோவில் நேர நிலையத்தைத் திருப்ப வேண்டும். திருப்பினால் ஐந்து நிமிஷ ஆட்டம் போய்விடும். மறுபடி வர்ணனையைப் பிடிப்பதற்குள் இன்னும் இரண்டு நிமிஷம், அந்த ரேடியோ அப்படிப்பட்டது. முதல் நாள் அந்தப் பெண் எழுதி வைத்திருந்த எண்ணைப் பார்த்தேன். இரண்டு விநாடி முந்தல். ஒரே நாளில் என்ன பெரிதாக மாறிவிடப் போகிறது என்று நானும் இரண்டு என்று எழுதி, கீழே என் இனிஷியலைப் போட்டுவிட்டு மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தேன். அதோடு மறந்தும் போனேன்.

அன்று மத்தியானம் தெற்கே எங்கோ ஒரு சின்ன நடுக்கம். பத்திரிகையில்கூட வராத அளவு. ஆனால் எங்கள் தாளில் அழகாக விழுந்திருந்தது.

மறுநாள் தாளை எடுத்தவர் அந்தப் பெண். இரண்டு மூன்று நாள் கழித்து என் மேஜைக்கு வந்து நின்றார். வேறு இரண்டு நிலையங்களின் நேரத்தோடு ஒப்பிட்டுக் கணக்குப் போட்டதில், அந்த நடுக்கத்தின் அலை எங்களிடம் வர வேண்டிய நேரத்தைவிட ஆறு விநாடி பிந்தி வந்திருக்கிறதாம். மறுநாள் காலை அவர் ரேடியோவைக் கேட்டுப் பார்த்தபோது கடிகாரம் எட்டு விநாடி முந்தியிருந்ததாம்.

"பொங்கல் அன்னிக்கு நீங்க பார்த்தப்போ ரெண்டுதானா? நல்லா ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார்.

கேட்டது நியாயமான கேள்வி. 'மன்னிச்சிடுங்க, அன்னிக்கு நான் பார்க்கலை' என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஆனால் அவர் கேட்ட விதம், என் வேலையில் குற்றம் கண்டுபிடிப்பது போல எனக்குப் பட்டது. சுருக்கென்றது. பயிற்சிக்குப் போட்டி போடுகிறவர் என்னிடம் வந்து நீ ஒழுங்காக வேலை செய்தாயா என்று கேட்கிறாரே என்கிற வீம்பு. ரெண்டேதான், என் காதால் கேட்டு எழுதினேன் என்றேன். அதோடு நிறுத்தினேனா? அன்று சாயங்காலம் கரண்ட் போய் வந்ததே, அதில்தான் கடிகாரம் எகிறியிருக்கும் என்று காரணமும் நானே கற்பித்துக் கொடுத்தேன். கரண்ட் போனது என்னவோ உண்மைதான். ஒரு பொய்யை உண்மையோடு கலந்து கொடுத்தால் எவ்வளவு லேசாக இறங்குகிறது!

அவர் நம்பிவிட்டார். நம்பியது மட்டும் இல்லை, அவர் முகம் மலர்ந்துபோயிற்று. கடிகாரம் சரியென்றால் அந்தத் தாமதம் நிஜம். நிஜமென்றால் தெற்கே பூமிக்கு அடியில் அலையை மெதுவாக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது. ஒருவேளை யாருக்கும் தெரியாத ஒரு பிளவு. ஆராய்ச்சிக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? இரண்டு மாதம் ராப்பகலாக உட்கார்ந்து அதை ஒரு கட்டுரையாக எழுதினார். டைரக்டர் படித்துவிட்டு எல்லார் முன்னாலும் பாராட்டினார். பயிற்சிக்கான விண்ணப்பத்தோடு அந்தக் கட்டுரையையே இணைத்து அனுப்பினார்கள்.

இந்த இரண்டு மாதமும் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்கிறீர்களா? பக்கத்து மேஜையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நாளுக்கு நாள் அந்தக் கட்டுரை வளர்வதையும், அதன் அஸ்திவாரம் என் கிரிக்கெட் என்பதையும் தெரிந்துகொண்டே இருந்தேன். ஒரு நாள் சொல்லிவிடலாம் என்று எழுந்தேன்கூட. அப்போது பார்த்து அவர் வரைபடத்தில் மை கொட்டாமல் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். முடிக்கட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அந்தச் சாக்கே போதுமாக இருந்தது.

அட்டெண்டருக்கும் விஷயம் புரிந்திருந்தது. ஒரு நாள் தனியாக இருக்கும்போது மெதுவாகக் கேட்டார். "இன்னா சார், பொங்கல் அன்னிக்குப் பொட்டியில மேட்சுதானே ஓடிக்கினு இருந்திச்சு? நீ பிப்பு சத்தம் கேக்கவே இல்லியே. மேடத்தாண்ட சொல்ட்டியா?"

உனக்கென்னய்யா தெரியும், போய்க் கரி ஏற்றுகிற வேலையைப் பார் என்று எரிந்து விழுந்தேன். அந்த மனிதர் என்னைவிட இருபது வயதுக்கு மேல் மூத்தவர். அப்புறம் அவர் என்னிடம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. மற்ற விஷயங்களும் அதிகம் பேசவில்லை.

மே மாதம், கத்திரி வெயிலில் நேர்முகத் தேர்வு. டைரக்டர் அறையில் மூன்று பேர். டைரக்டர், இன்னோர் அதிகாரி, வடக்கேயிருந்து வந்திருந்த ஒரு நிபுணர். முதலில் அந்தப் பெண்ணை அழைத்தார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கால் மணி, அரை மணி ஆயிற்று. உள்ளே நிபுணரின் குரல் உயர்ந்து கேட்டது. பிறகு மணி அடித்தது. அட்டெண்டர் வெளியே வந்து என் முகத்தைப் பார்க்காமல், "உள்ள கூப்புட்றாங்க சார். மேடமும் உள்ளதான் கீது" என்றார்.

உள்ளே போனேன். அந்தப் பெண் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தார். மேஜையில் அவருடைய கட்டுரை விரித்துக் கிடந்தது. பக்கத்தில் நிபுணர் கொண்டுவந்திருந்த அச்சிட்ட அட்டவணை. வெளிநாட்டு நிலையங்கள் வெளியிடும் அந்த அட்டவணை நமக்குத் தபாலில் வந்து சேர மாதக்கணக்காகும். அவருக்கு முன்னாலேயே கிடைத்திருக்கிறது.

விஷயம் இதுதான். அதே பொங்கல் அன்று காலை பதினொன்றரை வாக்கில், அதாவது கரண்ட் போவதற்கு வெகு முன்னால், எங்கோ தூர தேசத்து நடுக்கம் ஒன்றும் எங்கள் தாளில் விழுந்திருக்கிறது. அதுவும் ஆறு விநாடி தாமதம். மறுநாள் அதே திசையிலிருந்து வந்த இன்னொன்று மிகச் சரியான நேரத்துக்கு வந்திருக்கிறது. "ஒரே ஒரு நாள் மட்டும் பூமி மெதுவாகப் போகுமா?" என்று நிபுணர் ஆங்கிலத்தில் கேட்டுவிட்டுச் சிரித்தார். பூமிக்கும் பண்டிகை விடுமுறையா என்றார். இன்னோர் அதிகாரியும் சிரித்தார். இரண்டு மாத உழைப்பு அந்தச் சிரிப்பில் போயிற்று.

டைரக்டர் என் பக்கம் திரும்பினார். "பொங்கல் அன்னிக்கு டியூட்டி யாருப்பா? தாள் மாத்தினது யாரு? இந்தப் பொண்ணு சொல்லமாட்டேங்கிறா. யார் எழுதியிருந்தாலும் சரிபார்க்க வேண்டியது நான்தான்னு அதையே சொல்லிண்டிருக்கா."

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை, கெஞ்சலாகவும் இல்லை. பதில் தெரிந்தவர் இன்னொருவர் பதிலுக்காகக் காத்திருக்கும் பார்வை.

நான் சொன்னேன்: "ஞாபகம் இல்லை சார். பதிவேட்டைத்தான் பார்க்கணும்."

பதிவேடும் அந்தத் தாளும் வளாகத்தின் கோடியில், கருவி இருக்கும் கட்டடத்தில் இருந்தன. ஐந்து நிமிஷ நடை. யாராவது போய் எடுத்து வந்திருந்தால் என் இனிஷியல் பளிச்சென்று தெரிந்திருக்கும். நிபுணர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அவருக்குச் சாயங்காலம் ரயில். டைரக்டர், சரி, அது இப்போ எதுக்கு என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண்ணை, நீ போகலாம்மா என்றார். அவர் கட்டுரையை ஒழுங்காக மடித்து எடுத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு வெளியே போனார்.

அடுத்து என் தேர்வு. நிபுணர் கேட்ட முதல் கேள்வி, இப்படி ஒரு தாள் உன்னிடம் வந்தால் நேரம் சரியா தப்பா என்று எப்படிக் கண்டுபிடிப்பாய் என்பது. நான் கடகடவென்று சொன்னேன். மறுநாள் எழுதிய கடிகாரப் பிழையோடு ஒப்பிட வேண்டும், திடீரென்று மாறியிருந்தால் தாள் மாற்றியவரையே நேரில் கேட்க வேண்டும் என்றேன். அதாவது அந்தப் பெண் என் மேஜைக்கு வந்து நின்று என்ன செய்தாரோ, அதை அப்படியே பதிலாகச் சொன்னேன். வெரி குட் என்றார் நிபுணர். சீ என்று இருந்தது எனக்கு. ஆனாலும் தேங்க் யூ சார் என்றேன்.

வெளியே வந்தபோது அந்தப் பெண் வராந்தாவிலேயே நின்றுகொண்டிருந்தார். ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மூலையில இருக்கிற இனிஷியலை நான் அன்னிக்கே பார்த்தாச்சு. அதனாலதானே உங்ககிட்ட வந்து கேட்டேன்? இன்னிக்கு உள்ளே நான் உங்க பேரைச் சொல்லியிருந்தா, தோத்துப்போனவ அடுத்தவங்க மேல பழி போடுறான்னுதான் நெனைச்சிருப்பாங்க. நீங்க சொல்லியிருந்தா மட்டும்தான் அது எடுபட்டிருக்கும். சொல்லுவீங்கன்னுதான் நின்னேன்."

அவ்வளவுதான். குரலைக்கூட உயர்த்தவில்லை. வெயிலில் குடையை விரித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்து போனார். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன், எனக்கு அது கைவந்த கலை. இப்படிப் பேசினால் நான் என்ன செய்வேன்? உள்ளே ஓடிப்போய் இப்போதாவது சொல்லலாமா என்று தோன்றியது. நிபுணரின் கார் கிளம்பும் வரைக்கும் அதே வராந்தாவில் நின்று யோசித்தேன். கார் போனதும் யோசனையும் முடிந்தது.

ஆர்டர் எனக்கு வந்தது. அம்மா தெருவெல்லாம் சொன்னாள். பூமி ஆடித்தா என்று கேட்ட மனிதர் வீட்டுக்கே வந்து கைகுலுக்கிவிட்டுப் போனார்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால், மனசு கேட்காமல் தியாகராய நகருக்குப் போனேன். அந்தப் பெண்ணின் வேலை ஆடியோடு முடிந்து போயிருந்தது. வீட்டுக்குப் போகத் தைரியம் இல்லாததால் கடைக்குப் போனேன். அப்பாவைப் பார்த்து உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்பது என் எண்ணம். அவர் என்னை அதுவரை பார்த்ததில்லை. பெண்ணோடு வேலை பார்த்தவன், ஜப்பானுக்குப் போகிறவன் என்று சொன்னதும் எழுந்தே வந்துவிட்டார். உட்காரச் சொல்லிக் கலர் வாங்கிவரச் சொன்னார். சுற்றிலும் எவர்சில்வர் குடமும் அண்டாவும். எந்தப் பக்கம் திரும்பினாலும் என் முகமே தெரிந்தது. வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அவரே பேசினார்.

"கணக்குல சின்னப் பிசகு பண்ணிட்டேம்ப்பா, என் தப்புதான்னு சொல்லிச்சு. ரெண்டு நாளு சாப்பிடல. போட்டும். நம்ம கூட இருந்தவங்க ஒருத்தராவது போறீயளே, அது வரைக்கும் சந்தோசம். பத்திரமா போயிட்டு வாங்க தம்பி."

சொல்லிவிட்டு அடுக்கிலிருந்து மூன்றடுக்கு டிபன் கேரியர் ஒன்றை எடுத்தார். அங்கே நம் சாப்பாடு கிடைக்காது, நீங்களே சமைத்துக் கொண்டுபோக உதவும் என்று துடைத்து என் கையில் கொடுத்தார். வேண்டாம் என்றேன். மறுபடி வற்புறுத்தினார். வாங்கிக்கொண்டேன். எதற்காகப் போனேனோ அதைச் சொல்லாமல், பெண்ணைத் தோற்கடித்ததற்கு அப்பாவிடம் பரிசும் வாங்கிக்கொண்டு பாண்டி பஜார் வழியாக நடந்து வந்தேன். அப்படி ஒரு வெட்கங்கெட்ட ஜென்மம்.

ஜப்பானில் ஒரு வருஷம். நல்ல பயிற்சி, பொய் சொல்லக்கூடாது. பல நாட்டிலிருந்து இளைஞர்கள் வந்திருந்தார்கள், பெண்களும் இருந்தார்கள். கருவிகளைக் கழற்றி மாட்டக் கற்றுக் கொடுத்தார்கள். பூகம்பத்தில் தரை பிளந்த இடங்களுக்கு அழைத்துப் போனார்கள். எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து நோட்டில் எழுதினேன். ஒவ்வொரு பக்கமும் இன்னொருவருடைய நோட்டில் இருக்க வேண்டியது என்ற நினைப்பு மட்டும் போகவில்லை. திரும்பி வந்ததும் வேலை நிரந்தரம் ஆயிற்று.

அதெல்லாம் நடந்து எத்தனையோ வருஷம் கழித்து, போன வருஷம்தான் டைரக்டர் ஓய்வு பெற்றார். ராஜா அண்ணாமலைபுரத்தில் அவர் வீட்டுக்குப் போய், தனியாக உட்கார வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் காபியை ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அது எனக்கு அன்னிக்குச் சாயங்காலமே தெரியும்பா" என்றார். "ரெஜிஸ்டரைப் பார்த்தேன். கமிட்டிக்காரன் ரயில் ஏறியாச்சு. மறுபடி கிளப்பினா சீட்டே போயிடும். யாராவது ஒருத்தன் போகணுமோல்லியோ? அந்தப் பொண்ணு எப்படியும் கல்யாணம் கார்த்தின்னு போயிடப் போறவ. விடு, பழைய கதை."

எனக்கு வந்த கோபத்தில் காபி டம்ளரைத் தூக்கி எறியலாம் போலிருந்தது. இவ்வளவு தெரிந்தும் வாய் திறக்காமல் இருந்திருக்கிறாரே, இவரும் ஒரு மனிதரா என்று மனசுக்குள் கத்தினேன். கத்திக்கொண்டிருக்கும்போதே உறைத்தது. அவர் செய்தது என்ன? தெரிந்தும் சொல்லாமல் இருந்தது. நான் செய்தது என்ன? காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்தப் பெண் கல்யாணம் கார்த்தி என்று எங்கும் போய்விடவில்லை. மந்தைவெளிப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் விஞ்ஞான ஆசிரியை. போன மாதம் பஸ் நிறுத்தத்தில் எதிர்ப்பட்டுவிட்டார். சுற்றிலும் பள்ளிக்கூடத்துப் பெண்கள். நான் ஒளிய இடம் தேடினேன். அவரே பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தார். சௌக்கியமா என்று விசாரித்தார். இதோ, இப்போது கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"அங்கே பூமி பிளந்த இடத்துக்கெல்லாம் கூட்டிட்டுப் போவாங்களாமே? நீங்க பார்த்தீங்களா? கிட்டே போய்த் தொட்டுப் பார்க்க விட்டாங்களா?"

குத்தலா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. கண்ணில் நிஜமான ஆசை. பார்த்தேன் என்றேன். ஒரு வயல் நடுவே தரை ஓர் ஆள் உயரத்துக்கு இறங்கி, வரப்பு துண்டாகி, பாதி வரப்பு பக்கவாட்டில் நகர்ந்து நின்றதைச் சொன்னேன். எவ்வளவு தூரம் நகர்ந்திருந்தது, மண் என்ன நிறம், பிளவு எந்தத் திசையில் ஓடியது என்று ஒன்று விடாமல் கேட்டார். பக்கத்தில் நின்ற பெண்களிடம், "கேட்டுக்குங்கடி, சார் நேர்ல பார்த்தவங்க" என்றார். அதற்குள் பஸ் வந்துவிட்டது. ஏறி, ஜன்னல் வழியாகத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். பத்து நிமிஷம் பேசினோம். அந்தப் பத்து நிமிஷத்தில் 'மன்னிச்சிடுங்க' என்ற ஒரு சொல் என் வாயிலிருந்து வரவில்லை.

அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் இங்கேயும் பாருங்கள், யார் பெயரையும் போட வேண்டாம் என்பது, வாசகர்கள் எழுதும் இந்தப் பத்திரிகைப் பகுதியின் வழக்கம், அது எனக்கு எவ்வளவு சௌகரியமாகப் போயிற்று! என் வேலையும் சம்பளமும் பத்திரமாக இருக்கும்போது, பெயரை மறைத்துக்கொண்டு, அன்று அந்த அறையில் ஒரே வார்த்தையில் சொல்லியிருக்க வேண்டியதை இன்று இத்தனை பக்கத்துக்குச் சொல்கிறேன்; இதற்குப் பெயர் உண்மை என்று அவர் படித்தால் ஒப்புக்கொள்வாரா என்பது எனக்குத் தெரியாது, நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.